காரைக்காலை எங்கே வைப்பது?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை அறிக்கை கேட்கும் எவருக்கும் 'தமிழகம், புதுவை மற்றும் காரைக்கால்' என்ற தொடர் மனப்பாடம். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் உட்கோட்டங்களில் ஒன்றின் பெயர் அது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு துண்டுகளில் மாஹேயைக் கேரளத்தோடும் ஏனாமைக் கடலோர ஆந்திரத்தோடும் அத்துறை சேர்த்துவிட்டது. மேகம் ஆட்சி எல்லை பார்த்துப் பெய்வதில்லை என்பதால் அது நியாயம்தான். அஞ்சல் துறையைக் கேட்டால் காரைக்கால் 609602. மயிலாடுதுறை, சீர்காழியோடு அது ஒரே வரிசையில் வருகிறது, புதுச்சேரி நகரமோ 605இல் தொடங்குகிறது. போக்குவரத்துத் துறையைக் கேட்டால் வண்டி எண் பி.ஒய். 02, அதாவது புதுச்சேரிக்கு அடுத்த எண். காவிரி நீரில் புதுச்சேரிக்கு ஒதுக்கப்பட்ட 7 டி.எம்.சி. உண்மையில் காரைக்கால் வயல்களுக்குத்தான். புதுச்சேரி நகரத்துக்குக் காவிரியோடு எந்த உறவும் இல்லை. சட்டமன்றம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. காரைக்கால் திருவேட்டக்குடியில் இருக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பெயரில் காரைக்கால் இல்லை, புதுச்சேரிதான் இருக்கிறது.

இவற்றில் எதுவும் தவறில்லை. ஒவ்வொரு துறையும் தன் வேலைக்கு வசதியான இடத்தில் காரைக்காலை வைத்திருக்கிறது. இத்தனை இடங்களிலும் இருக்கும் ஊரைப் பற்றிய ஒரு படத்தையோ, பழைய நூலையோ, செய்தியையோ ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று வரும்போதே சிக்கல் தொடங்குகிறது. நூலக அலமாரி அப்படித்தான் கேட்கும். ஒரு பிரதி ஒரு தட்டில்தான் நிற்க முடியும். கணினியின் கோப்புறையும் நெடுநாள் அலமாரியைப் பார்த்தே நடந்துகொண்டது. குறிச்சொல் என்று நாம் சொல்லும் டேக் வந்து இந்தக் கட்டாயத்தை ஒழித்தது. ஒரு படத்துக்குப் புதுச்சேரி, டெல்டா, சோழமண்டலக் கடற்கரை, கடைமடை என்று நான்கு குறிகளையும் இடலாம். நான்கு வழியாகத் தேடி வருபவருக்கும் அது கிடைக்கும். இதில் கடைமடை என்ற குறியைக் கவனிக்க வேண்டும். ஆற்றுநீர் கடைசியாக எட்டும் வயலை உழுகிறவர்களின் சொல் அது. மாவட்டம், வட்டம், கொம்யூன் என்று போகும் நிர்வாகப் பட்டியலில் அதற்கு இடமில்லை. வகைப்பாட்டு அறிஞர் ஒருவரின் அனுமதிக்குக் காத்திராமல் அப்படியொரு சொல் உள்ளே வர முடிவதுதான் குறிச்சொல்லின் பெரிய நன்மை. துண்டாகக் கிடக்கும் ஒரு நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்று தோன்றும். அது பெருமளவு உண்மையும்கூட. எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது, குப்பை சேர்கிறது என்று வழக்கமாகச் சொல்லப்படும் குறைகளெல்லாம் உழைத்தால் தீரக்கூடியவை. ஆழமான குறை ஒன்று உண்டு: குறிச்சொல் 'தொடர்பு உண்டு' என்று சொல்லும்; என்ன தொடர்பு என்று சொல்லாது.

காரைக்காலுக்கு வடக்கே, அதிகத் தொலைவில் இல்லாத சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு இந்தக் குறை நன்றாகத் தெரிந்திருந்தது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைக் கோத்துக் காட்டியதைப் பார்த்தபோது அவருக்கு ஒரு வழி புலப்பட்டது என்பது நூலகத் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. பொருள்களை முன்கூட்டியே எண்ணி வரிசைப்படுத்தி வைப்பதற்குப் பதில், கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு தேவைக்கேற்பக் கோக்கலாம் என்ற எண்ணம் 1933இல் கோலன் வகைப்பாடாக வெளிவந்தது. இன்றைய டேக்குகளுக்கு அவரை முன்னோடி என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது; அதில் பாதிதான் சரி. நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றி 1950இல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி என்ற நூலை அவர் முறையில் எண்ணாக்கினால், இந்தியா என்ற கூறு ஒரு புள்ளிக்குப் பின் வரும். ஆண்டு ஒரு மேற்குறிக்குப் பின் வரும். அந்தப் புள்ளி, 'இது நிகழ்ந்த இடம்' என்று சொல்கிறது. உறுப்புக்கு ஒரு குறி, பொருளுக்கு ஒரு குறி, செயலுக்கு ஒரு குறி, இடத்துக்கும் காலத்துக்கும் தனித்தனிக் குறி எனப் பிந்திய பதிப்புகளில் ஐந்து நிறுத்தற்குறிகள் அவரிடம் இருந்தன. 2003இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ், 2004இல் வந்த ஃபிளிக்கர், 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா ட்விட்டருக்குப் பரிந்துரைத்த ஹேஷ்டேக் என்று வந்துசேர்ந்த வழியில் ஐந்தும் தேய்ந்து நம் கையில் எஞ்சியது ஒரே ஒரு # குறி. எளிமைக்குக் கொடுத்த விலை அது. அந்த விலை அநியாயம் என்றும் சொல்ல முடியாது. ஐந்து குறிகளைக் கற்றுக்கொண்டுதான் படம் ஏற்றலாம் என்றிருந்தால் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். ரங்கநாதனின் எண்ணும் கடைசியில் ஒரே ஒரு தட்டைத்தான் காட்டும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரே பொருளுக்குப் பல வாசல் வைப்பது தமிழுக்குப் புதிதல்ல. தேவாரத்தைப் பண்முறையில் அடுக்குவார்கள், தலமுறையிலும் அடுக்குவார்கள். பாடுகிற ஓதுவாருக்கு முதலது. கோயில் கோயிலாகப் போகிறவருக்கு இரண்டாவது. திருநள்ளாற்றுக்குச் சம்பந்தர் பாடிய பச்சைப் பதிகம் பண்முறையில் பழந்தக்கராகத்தின் கீழும் தலமுறையில் திருநள்ளாற்றின் கீழும் வருகிறது. சமணரோடு நடந்த அனல்வாதத்தில் தீயிலிட்டும் வேகாத ஏடு அதுதான் என்பதால், பெரியபுராணத்தின் வழியே வருகிறவர் அதை மதுரையில் தேடுவார். மூன்று வாசலும் சரி. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: பண்முறை என்ற தலைப்பின் கீழ் இருக்கும் சொல் பண்ணின் பெயர் என்பதிலும், தலமுறையின் கீழ் இருப்பது ஊரின் பெயர் என்பதிலும் ஐயமே இல்லை. முறையின் பெயரே தொடர்பைச் சொல்லிவிடுகிறது. இப்போது அதே பதிகத்தின் ஒலிப்பதிவை ஒருவர் ஏற்றி, திருநள்ளாறு, மதுரை என்று இரண்டு குறிகளை இட்டால், எங்கே பாடியது, யார்மேல் பாடியது, எங்கே பதிவு செய்தது என்பதெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஓதுவார் மதுரைக்காரராகவும் இருக்கலாம். காரைக்காலுக்குள் இருக்கும் தருமபுரம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. சம்பந்தர் பாடி, திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழுக்கு அடங்காமல் போன யாழ்மூரிப் பதிகம் அந்த ஊருக்கு உரியது. தருமபுரம் என்று வெறுமனே குறியிட்டால் முன்னால் வந்து நிற்பது மயிலாடுதுறைப் பக்கத்து ஆதீனம். இரண்டு ஊரும் அதிகத் தூரமில்லை, இரண்டும் சைவத்தோடு பிணைந்தவை. ஆகவே கலந்துபோனது யார் கண்ணிலும் எளிதில் படாது. எளிதில் படாத பிழைகளே நெடுநாள் நிற்கின்றன.

இந்தக் காலத்தில் குறிச்சொல் எதற்கு, முழுவாசகத் தேடல் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்விதான். அச்சில் வந்ததெல்லாம் எழுத்தாகக் கணினிக்குள் வந்துவிட்டால், சொல்லைத் தட்டினால் போதும், மேலே சீட்டு ஒட்டத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். காரைக்கால் அம்மையாரை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தன் பாடல்களில் அவர் தன்னைக் காரைக்காற்பேய் என்று சொல்லிக்கொள்கிறார். புணர்ச்சியில் 'ல்' போய் 'ற்' வந்துவிட்டது. காரைக்கால் என்று தேடும் பொறிக்கு இலக்கணம் தெரியாவிட்டால் அவர் அகப்பட மாட்டார். அம்மையார் என்ற சொல்லோ அவர் தனக்கு இட்டுக்கொண்டதே அல்ல. புனிதவதி என்ற பெயர் சேக்கிழார் வழியாக வருகிறது. தமிழெழுத்தை விட்டு வெளியே போனால் நிலைமை இன்னும் மோசம். மாவட்ட நிர்வாகம் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை எழுதும்போது நடுவில் ஒரு 'கே' போடுகிறது. அம்மையாரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளர்கள் இரண்டு 'கே' போடுகிறார்கள். பிரெஞ்சு ஆவணங்கள் 'கரிகால்' என்று எழுதும். கரிகாலனைத் தேடுகிறவர்கள் அங்கே வந்து மோதிக்கொள்வதும் உண்டு. காரவேலன் பதிப்பித்துப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த அம்மையார் பாடல்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956இல் தன் வெளியீட்டு வரிசையின் முதல் நூலாகக் கொண்டுவந்தது. அதன் அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டல் இவை மூன்றிலும் சேராது. இத்தனையையும் ஒரே ஆளுடைய பெயர்கள் என்று எந்த வாசகமும் தானாகச் சொல்லாது. யாரோ ஒருவர் மேலே எழுதி வைக்க வேண்டும். ஒரே தட்டில் வைப்பதன் இழப்பையும் அம்மையாரிடமே பார்க்கலாம். நாயன்மார் பாடல்களில் மிகப் பழையவை அவருடையவை என்று பலரும் கருதுகிறார்கள். திருமுறை அடுக்கில் அவர் இருப்பது பதினொன்றில், நக்கீரரும் பட்டினத்தாரும் நம்பியாண்டார் நம்பியும் கலந்திருக்கும் தொகுதியில். வரிசையை மட்டும் பார்க்கும் மாணவர் அவரைப் பிற்காலத்தவர் என்றே எண்ணுவார்.

தொடர்பைச் சொல்லாத குறி எவ்வளவு தூரம் வழிதவற வைக்கும் என்பதற்குக் கடல் கடந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய துறைமுகங்களில் காரைக்கால் ஒன்று. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலிருந்தும் ஆள் சேர்க்க இடம் கொடுத்தது. ஆகவே தஞ்சை மாவட்டத்தின் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்து, காரைக்காலில் சில நாள் டெப்போவில் காத்திருந்து, கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். இன்று அந்தத் தீவுகளில் தம் முன்னோரைத் தேடுகிறவர்கள் இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் ஆவணப் படங்களில் காரைக்கால் என்ற குறியே திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அது பிறந்த ஊரா, புறப்பட்ட துறையா? குறிக்கு அது தெரியாது. பதிவேடு எழுதிய குமாஸ்தா கப்பலின் பெயரையும் ஆளின் பெயரையும் ஒரே பத்தியில் எழுதியிருக்க மாட்டார். கோடு போட்ட பக்கம் அவரைத் தடுத்திருக்கும். அந்தக் கோடுகளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டியதை நாம் முன்னேற்றம் என்கிறோம். ஆறாம் தலைமுறைப் பேத்தி ஒருத்தி காரைக்காலுக்கு வந்து இறங்கி, குடும்பக் கோயில் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கலாம்; அவள் தேட வேண்டியது மன்னார்குடிப் பக்கமாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் குறி இல்லாவிட்டால் அவள் தமிழ்நாட்டின் எந்தக் கரைக்குப் போவதென்றே தெரியாமல் நின்றிருப்பாள். நன்மையும் தீமையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

டெல்டா என்ற குறியிலும் இதே கதைதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டா என்ற ஒரே சொல்லின் கீழ் எல்லாரும் திரண்டது நல்லதுதான். தென்னை முறிந்த இடத்தில் மாநில எல்லையைப் பார்க்க வேண்டியதில்லை. நிவாரணம் கேட்டு மனு எழுதும்போது மட்டும் எல்லை திரும்பி வந்துவிடும்: நாகைக்காரர் சென்னையைப் பார்த்து எழுத வேண்டும், காரைக்கால்காரர் புதுச்சேரியைப் பார்த்து எழுத வேண்டும். 2020இல் தமிழகச் சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. காரைக்கால் வயலும் அதே ஆற்று நீரில்தான் விளைகிறது; ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம் அங்கே செல்லாது. டெல்டா என்ற குறியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவர், காரைக்காலுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டென்று நினைத்துக்கொள்வார். ஆற்றால் டெல்டா, ஆட்சியால் அல்ல என்பதைச் சொல்ல அந்தச் சொல்லில் இடமே இல்லை. காலமும் இப்படித்தான் குறியை ஏமாற்றும். பக்கத்துத் தரங்கம்பாடி நின்ற இடத்திலேயே நின்றது. 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. டேனியர் கோட்டையின் மூன்று படங்கள் மூன்று மாவட்டக் குறிகளோடு கிடந்தால், மூன்றையும் இட்டவர்கள் அவரவர் நாளில் சரியாகவே இட்டிருப்பார்கள். பாண்டிச்சேரி 2006இல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரியான கதையும் இதுவே.

இதற்கெல்லாம் மருந்தாகக் கட்டுப்பாடான சொற்பட்டியல் ஒன்றைத் திணித்தால், கடைமடை போன்ற சொற்கள் முதலில் வெளியே போகும் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருந்து போடுகிறார்கள். ஆனால் திணிப்பதா, விட்டுவிடுவதா என்ற இரண்டே வழிகள்தான் இருக்கின்றன என்பதை ஏற்க வேண்டியதில்லை. ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேர்த்து வைக்கும் 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற தளம் 2009இல் தொடங்கியது. நம் இலக்கியவாதிகள் முகம் சுளிக்கக்கூடிய இடம்; ஆனால் குறிச்சொல் விஷயத்தில் பல பல்கலைக்கழக நூலகங்களைவிடத் தெளிவான இடம். அங்கே கதையைப் போடுகிறவர் எந்த மூலக்கதை, யார் பாத்திரம், யாருக்கும் யாருக்கும் உறவு என்று தனித்தனிக் கட்டங்களில் தன் விருப்பப்படி எழுதலாம். வேறு எதையும் சேர்க்கத் திறந்த கட்டம் ஒன்றும் உண்டு. எழுதியது எழுதியபடியே இருக்கும். பின்னால் தன்னார்வலர்கள் உட்கார்ந்து, ஒரே ஆளைக் குறிக்கும் பல எழுத்துக்கூட்டல்களை ஒரு பொதுப்பெயரோடு இணைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றைத் தேடினால் எல்லாம் வரும். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது: அங்கே ஒவ்வொரு குறியும் இரண்டு பாகம், இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. ஓர் ஊருக்குத் தமிழ்ப் பெயர், பிரெஞ்சுப் பெயர், பழைய பெயர் எல்லாம் தனித்தனிக் கேள்விகளின் விடைகளாக உட்காரும். புதுக் கேள்வி எழுப்பவும் யாருக்கும் தடையில்லை. இரண்டிலும் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அதற்குக் கூலியும் இல்லை. டெலிஷியஸை யாகூ 2005இல் வாங்கி, 2011இல் விற்றது; 2017இல் அந்தத் தளம் புதுச் சேமிப்பை நிறுத்திக்கொண்டபோது, அதில் பல்லாண்டு குறியிட்டவர்களின் வேலை முடங்கிப்போனது. ஆகவே யாருடைய இடத்தில் குறியிடுகிறோம் என்பதும் முக்கியம்.

இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்பது கடைசி மறுப்பு. காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் மொட்டை மாடியிலிருந்து பழம் வீசுகிற படத்தைக் காட்டினால், மாம்பழம், கூட்டம், தேர் என்று அது சொல்லிவிடும். பிச்சாண்டவர் வீதியுலா என்றோ, ஆனிப் பௌர்ணமி என்றோ சொல்ல அதற்கு முன்பே மனிதர்கள் இட்ட குறிகள் வேண்டும். அந்தக் குறிகள் காரைக்காலைப் புதுச்சேரிக்குள் கரைத்திருந்தால் எந்திரமும் கரைக்கும், இன்னும் வேகமாக, இன்னும் உறுதியான குரலில். எழுத்துக்கூட்டலைச் சேர்க்கும் வேலைக்கு எந்திரத்தை நம்பலாம். காரைக்காற்பேயும் அம்மையாரும் ஒருவரே என்று அதற்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும். என்ன தொடர்பு என்பதைச் சொல்லும் வேலையை மட்டும் அதனிடம் விட முடியாது, ஏனென்றால் அது பெரும்பாலும் படத்திலோ வாசகத்திலோ இருப்பதில்லை. 1958இல் காரைக்காலில் எழுதப்பட்ட பிறப்புச் சான்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 நவம்பர் 1 அன்றே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது. சட்டப்படி கைமாறியதோ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்தச் சான்றுக்கு இந்தியா என்று குறியிடலாம், பிரெஞ்சிந்தியா என்றும் இடலாம், இரண்டும் பொய்யில்லை. நடைமுறைப்படி எது, சட்டப்படி எது என்று கூடவே எழுதாவிட்டால் இரண்டும் பயனில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுக்க ஒப்பந்தம் ஆறு மாதம் தவணை கொடுத்திருந்தது. ஒரு குடும்பம் எந்த நாட்டுக் குடும்பம் என்பது இந்தத் தேதிகளைக் கொண்டே முடிவானது. ஆகவே காரைக்கால் ஆவணங்களை இணையத்தில் அடுக்க முன்வருகிற எவரும் திறந்த குறிகளுக்கு முன்னால் மூன்று கட்டங்களையாவது வைத்தே ஆக வேண்டும்: எழுதப்பட்ட இடம், அந்நாளில் ஆண்டவர், எதைப் பற்றியது. ஆண்டவர் என்ற கட்டத்தில் இரண்டு விடைக்கும் இடம் வேண்டும்.